'தி டெவில் இன்சைட்': பாதியில் நின்ற படமா, திறந்த முடிவா?

மூடியவீடு கேட்டது:

கதை முழுவதையும் சொல்லித்தான் கேட்கப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு 2012-இல் வந்த 'தி டெவில் இன்சைட்' பார்த்தேன். மொத்தமே 83 நிமிடம். ஒரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. மூன்று மணி வரை தூக்கம் வரவில்லை. பயந்து போய் விழித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். எனக்கு வந்தது கோபம்.

ஆரம்பம் எவ்வளவு நன்றாக இருந்தது! 1989, அமெரிக்காவில் ஒரு வீடு. ஒரு பெண் தானே போலீசுக்கு போன் போட்டு மூன்று பேரைக் கொன்றுவிட்டதாகச் சொல்கிறாள். அப்புறம் போலீஸ்காரர் வீடியோ எடுத்தபடி அந்த வீட்டுக்குள் நடக்கிறார். இசை கிடையாது. டார்ச் வெளிச்சம், பழைய டேப்பின் மங்கல், அறை அறையாகப் பிணங்கள். செத்தவர்கள் அவளுக்குப் பேயோட்ட வந்தவர்கள். மனநிலை சரியில்லை என்று தீர்ப்பாகி, கடைசியில் அவள் ரோமில் ஒரு மனநல மருத்துவமனையில் இருக்கிறாள். இருபது வருடம் கழித்து மகள் இசபெல்லா, ஒரு டாக்குமெண்டரி எடுப்பவனோடு அவளைப் பார்க்கப் போகிறாள்.

அந்தச் சந்திப்பை நான் மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அம்மாவாக நடித்தவர் சூசன் க்ரௌலி. கத்தவில்லை, கண்ணை உருட்டவில்லை. யாரோ வழிப்போக்கரிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டே வந்து, மகள் செய்துகொண்ட கருக்கலைப்பைச் சொல்லிவிடுகிறாள். இவளுக்கு எப்படித் தெரியும் என்று மகளின் முகம் வெளுக்கிறது. அப்புறம் கையிலும் உதட்டின் உட்புறத்திலும் கீறிக்கொண்ட சிலுவைத் தழும்புகளைக் காட்டி, வெட்டுகளை இணைத்துப் பார்க்கச் சொல்கிறாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரி, இந்த அம்மாவுக்குள் என்னவோ இருக்கிறது, மகள் அதைக் கண்டுபிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

இணைக்கவே இல்லை. படம் அந்த அம்மாவைக் கடைசியில் மறந்தே போகிறது. ஒரு பாதிரியாருக்குள் பேய் புகுகிறது, அவர் தன்னையே சுட்டுக்கொள்கிறார். அது மகளுக்குள் போகிறது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். ஓட்டுகிறவனுக்குள்ளும் புகுகிறது. எதிரே வரும் வண்டியில் மோதல். கறுப்புத் திரை. விசாரணை தொடர்கிறது, மேலும் அறிய இந்த இணையதளத்துக்கு வாருங்கள் என்று ஒரு முகவரி. அவ்வளவுதான்.

இதை நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பேய்க் குறும்படம் எடுக்கிறோம். கையில் இருப்பது நாற்பதாயிரம் ரூபாய். ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் எங்கள் பாட்டி வீடுதான் லொக்கேஷன். வீட்டை விற்பதற்காகப் பேரன் போனில் ஒவ்வோர் அறையாக வீடியோ எடுத்துக்கொண்டே வருகிறான். மாடியில் பூட்டிய அறை. கதவைத் திறக்கிறான், கட், கறுப்பு. இதுதான் எங்கள் முடிவு. சனிக்கிழமை வரை அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது, நானும் அதே தப்பைத்தான் செய்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. கூட இருப்பவர்கள், பேய்ப் படத்துக்குத் திறந்த முடிவுதான் அழகு என்கிறார்கள்.

திறந்த முடிவுக்கும் முடிக்காமல் விட்டதற்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது? காசு இல்லாததால் வந்த குறையா இது?

கடைசிவரிசை எழுதியது:

காசு இல்லாததால் வந்த குறை இல்லை. அதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். இந்தப் படத்துக்கு ஆன செலவு சுமார் 10 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. ஆனால் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற பேய்ப் படத்துக்கு ஆனது வெறும் 15,000 டாலர். இயக்குநர் ஓரன் பெலி சான் டியேகோவில் இருந்த தன் சொந்த வீட்டில், ஏழு நாளில் எடுத்து முடித்தார். அதைப் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கியவர்கள் எத்தனையோ பேர். நானும் அவர்களில் ஒருவன்.

'தி டெவில் இன்சைட்' அமெரிக்காவில் ஜனவரி 6 அன்று வெளியானது. முதல் வார இறுதியிலேயே 3.3 கோடி டாலருக்கு மேல் வசூல். அடுத்த வாரம் வசூல் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சரிந்தது. முதல் நாள் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் அங்கே இருக்கிறது. மக்கள் பொதுவாகத் தாராளமாகத்தான் போடுவார்கள். இந்தப் படத்துக்கு எஃப் கிடைத்தது. அதுதான் ஆகக் கடைசி மதிப்பெண், மிகச் சில படங்களுக்கே விழுந்திருக்கிறது. எஃப் வாங்கிய எல்லாமே மோசமான படங்கள் என்று சொல்ல மாட்டேன், அரோனாஃப்ஸ்கி எடுத்த 'மதர்!'கூட எஃப் வாங்கியதுதான். ஆனால் இங்கே உங்கள் கோபத்தைத்தான் அத்தனை பேரும் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எல்லாம் சேர்த்து உலகம் முழுக்க 10 கோடி டாலர் தாண்டி வசூல் ஆனது. அதனால் தயாரித்தவர்களுக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் நம்மைப் போல ஆசையோடு போய் உட்கார்ந்தவர்களுக்குத்தான்.

அந்த இணையதள விஷயத்தையும் சொல்ல வேண்டும். 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' 1999-இல் வந்தது. அதற்கும் இணையதளம் இருந்தது, ஆனால் படம் வருவதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. காணாமல் போன மூன்று மாணவர்கள், காட்டைப் பற்றிய பழங்கதை, போலீஸ் புகைப்படங்கள் எல்லாம் அதில். அதைப் படித்துவிட்டுப் போனவருக்குப் படம் இன்னும் இருட்டாகத் தெரிந்தது. படிக்காமல் போனவருக்கும் படம் முழுசாகவே கிடைத்தது. வாசலில் வைக்க வேண்டியதை 'தி டெவில் இன்சைட்' எடுத்தவர்கள் கருவறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

ஒலிமேசை எழுதியது:

நான் பதினாலு வருடமாக ஒலிக்கலவை வேலையில் இருக்கிறேன். சின்ன பட்ஜெட் பேய்ப் படங்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தப் பாதாள அறைக் காட்சி. ரோசா என்ற பெண்ணுக்கு இரண்டு பாதிரியார்களும் திருட்டுத்தனமாகப் பேயோட்டுகிறார்கள் இல்லையா, அந்தப் பெண்ணாக நடித்தவர் போனி மோர்கன். உடலை வளைக்கும் கலையில் தேர்ந்தவர். அந்த வளைவு முழுக்க அவருடைய சொந்த உடம்பு. தோள் கழன்று திரும்புவதுபோல் ஒரு கணம் வருமே, அங்கே எலும்பு முறியும் சத்தத்தை மேலே சேர்த்திருக்கிறார்கள். மெதுவாக, ஈரமாக, ஒவ்வொன்றாக. ஹெட்போனில் கேட்டீர்கள் என்றால் உங்கள் பல் கூசியிருக்கும். கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கில் கொட்டினாலும் இது வராது. ஒரு நல்ல நடிகை, ஒரு மைக், பொறுமையான ஒரு எடிட்டர் போதும். இந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு வேலை தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்திருக்கிறது, அதனால்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

அந்தக் காட்சிக்குப் பிறகு படம் எதைச் செய்கிறது என்று பாருங்கள். ஆளாளுக்குத் தனியாக உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். எனக்கு இப்படித் தோன்றுகிறது, நான் இப்படிப் பயப்படுகிறேன் என்று. அறையில் தேங்கியிருந்த பயம் முழுக்க ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது. ஒருவர் பயந்தேன் என்று சொன்னவுடன் நமக்குப் பயம் குறைகிறது. ஏனென்றால் சொல்கிறவர் உயிரோடு உட்கார்ந்து சொல்கிறார், பத்திரமாக.

'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யில் பேய்த் தொல்லையில் மாட்டிய ஓர் ஆணும் பெண்ணும், அவர்கள் படுக்கையறையில் ஸ்டாண்ட் போட்ட ஒரு கேமரா. அசையாது. மூலையில் மணி ஓடுகிறது. ஏதாவது நடக்கப்போகிறது என்றால் முதலில் அடியில் ஒரு தாழ்ந்த அதிர்வு வரும், காதால் கேட்பதைவிட நெஞ்சால் கேட்கிற மாதிரி. இரண்டு ராத்திரி போனதும் நம் உடம்பு அதைக் கற்றுக்கொண்டுவிடும். மூன்றாவது தடவை அது வரும்போது திரையில் ஒன்றுமே நடக்க வேண்டாம், கை தானாகப் போர்வையைத் தேடும். இது பார்வையாளருக்கும் படத்துக்கும் நடுவில் உண்டாகிற ஒப்பந்தம். இத்தனை மணி ஆனால் பார், இந்தச் சத்தம் வந்தால் கவனி என்று படம் சொல்கிறது, நாம் ஒத்துக்கொள்கிறோம்.

அந்தப் படத்தின் முடிவும் ஒரே தடவையில் வந்ததில்லை. 2007-இல் விழாவில் காட்டிய பதிப்பில் போலீஸ் வந்து அந்தப் பெண்ணைச் சுட்டுவிடுவார்கள். 2009-இல் திரையரங்குக்கு வந்தபோது வேறு முடிவு, யோசனை சொன்னவர் ஸ்பீல்பெர்க். அவள் கீழே இறங்கிப் போகிறாள். அலறல். அவன் எழுந்து ஓடுகிறான். அப்புறம் வெறும் அறையும் திறந்த கதவும். மாடிப்படியில் கனமான காலடி. நாம் காத்திருக்கிறோம். சட்டென்று அவன் உடல் கேமரா மேல் வந்து விழுகிறது, கேமரா சாய்கிறது. பேய் எங்கிருந்து வந்தது, என்ன வேண்டும், அவள் எங்கே போனாள், எதற்கும் பதில் இல்லை. ஆனால் படம் முழுக்க நம்மைக் காவலுக்கு உட்கார வைத்த அதே கேமராவில், அதே கோணத்தில் முடிகிறது. முதல் ராத்திரி கொடுத்த வாக்கைக் கடைசி ராத்திரியில் காப்பாற்றுகிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். படம் தானாக ஒரு கேள்வி கேட்கிறது. அதற்கு பதில் சொல்லாமல் போகலாம், ஆனால் அந்தக் கேள்வி நிற்கிற இடத்துக்காவது நம்மைத் திரும்பக் கூட்டிப் போக வேண்டும். 'தி டெவில் இன்சைட்' கேட்ட கேள்வி, என் அம்மா பைத்தியமா, இல்லை உள்ளே வேறு யாரோ இருக்கிறார்களா என்பது. அதோடு, அம்மாவுக்குள் இருப்பது எனக்குள்ளும் வருமா என்பது. இதை நீங்கள் பேய் நம்பிக்கை இல்லாமலும் கேட்கலாம். மனநோய் உள்ள அம்மாவின் மகள் ஒவ்வொருத்தியும் என்றாவது ஒரு ராத்திரி கேட்டிருப்பாள். அவ்வளவு பெரிய கேள்வி அது. கடைசியில் மகளுக்குள்ளும் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அம்மா எங்கே? இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்து, பேசக்கூட வேண்டாம், அம்மா மகளை ஒரு தடவை பார்க்கட்டும். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. காரை மோத விட்டதற்குத்தான் செலவு.

இப்போது உங்கள் குறும்படத்துக்கு வருவோம். மாடிக் கதவைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவன் ஏன் போனைக் கீழே வைக்கவில்லை? பயந்தவன் முதலில் செய்வது அதுதான். வீட்டை விற்க வீடியோ என்றால் பூட்டிய அறையை விட்டுவிட்டுப் போய்விடலாமே. யாருக்காக எடுக்கிறான்? அது தெரிந்துவிட்டால் உங்கள் முடிவு தானாகத் தெரியும்.

நடுநிசி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எனக்கு அந்த விபத்து பிடித்திருந்தது. யாரோ எடுத்த டேப் பிறகு கிடைத்ததுபோல் காட்டுகிற படம் என்றால் அது அப்படித்தானே நிற்கும்? எடுக்கிறவன் செத்தால் டேப்பும் நிற்கும். வாழ்க்கையில் யாரும் முடிவுரை சொல்லிவிட்டுச் சாவதில்லை. இணையதள முகவரியை மட்டும் நானும் மன்னிக்கவில்லை.

பீடச்சிறுவன் எழுதியது:

நான் கத்தோலிக்கக் குடும்பம். எட்டு வயதிலிருந்து பீடத்தில் உதவி செய்தவன். அதனால் இந்தப் படத்தை வேறு ஓர் ஆசையோடு பார்த்தேன்.

பேயோட்டும் சடங்கை நினைத்த சாமியார் நினைத்த இடத்தில் செய்ய முடியாது. திருச்சபைச் சட்டம் 1172-இன்படி ஆயர் தனியாக, வெளிப்படையாக அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பக்தி, அறிவு, நிதானம் உள்ள குருவுக்குத்தான் அதைக் கொடுப்பார். 1614-ஆம் ஆண்டுச் சடங்குமுறையைத் திருத்தி 1999-இல் புதியதை வெளியிட்டார்கள். வந்திருப்பவர் மனநோயாளியா என்று பார்ப்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: இது வேடிக்கைப் பொருளாகக்கூடாது, ஊடகங்களுக்கு உள்ளே இடம் கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். அனுமதி இல்லாமல், திருச்சபை கைவிட்டவர்களுக்கு உதவுகிறோம் என்று நம்பி, இதயத் துடிப்பை அளக்கும் கருவிகளோடு இறங்குகிற இரண்டு இளம் குருக்கள். கூடவே ஒரு கேமரா. உள்ளே வரவே கூடாத கேமரா! இதுவே ஒரு முழுப் படத்துக்குப் போதும். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு சாமியார், இரக்கத்தால் அதை மீறுகிறார். அவர் செய்தது சரியா? நோயாளியா, பேய் பிடித்தவளா என்று தப்பாகக் கணித்துவிட்டால் அந்தப் பாவம் யாருடையது? படம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது, உடனே ஓடிவிடுகிறது. வத்திக்கான் இந்தப் படத்துக்கு உதவவில்லை என்று முதலிலேயே எழுதிக் காட்டுகிறார்கள். பரபரப்புக்கு அது உதவியிருக்கலாம். உள்ளே இருந்த உண்மையான மோதலைத் தொடவில்லை.

ஆனால் ஒரு காட்சி என்னை உலுக்கியது. பேய் புகுந்த டேவிட் என்ற அந்தக் குரு ஞானஸ்நானம் கொடுக்கும்போது குழந்தையைத் தண்ணீரில் அழுத்துகிறாரே, அது. என் அக்கா மகனுக்கு நான்தான் ஞானத்தந்தை. எங்கள் ஞானஸ்நானத்திலேயே பேயோட்டும் செபம் ஒன்று உண்டு, பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சாத்தானை விட்டுவிடுவதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன், அவன் என் கையில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தச் சடங்குக்கு நடுவில், அதே தண்ணீரில், காப்பாற்ற வேண்டிய கையே அழுத்துகிறது. அங்கே நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நடுநிசி அவர்களே, டேப் நிற்பது எனக்கும் பிரச்சினை இல்லை. அந்தக் காட்சியின் பாரம் கொஞ்சமாவது கடைசி வரை வந்திருக்கலாம். அந்தக் குழந்தையின் அம்மாவை அப்புறம் யாரும் நினைக்கக்கூட இல்லை.

மூடியவீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தோம். ஒலிமேசை அண்ணா, யாருக்காக எடுக்கிறான் என்று நீங்கள் கேட்டதில்தான் ராத்திரி முழுக்கப் போனது.

அவனுக்கு ஓர் அக்கா, வெளிநாட்டில். வீட்டில் பாதி அவளுடையது. அவள் பார்த்து, சரி விற்றுவிடு என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வீடியோ. பாட்டி கடைசி வருடங்களில் அவளோடு மட்டும்தான் போனில் பேசினாள் என்று வைத்திருக்கிறோம். அதனால் அவனால் அந்த அறையை விட்டுவிட்டுப் போக முடியாது, அக்கா கேட்பாள். போனையும் கீழே வைக்க முடியாது, வீடியோ காலில் அவள் இருக்கிறாள். இப்போது அவன் ஒவ்வோர் அறையைக் காட்டும்போதும் அவள் குரல் வருகிறது. இங்கே அம்மி இருக்குமே, ஊஞ்சல் கொக்கி இன்னும் இருக்கிறதா என்று. கதவு திறந்ததும் கறுப்பு இல்லை. அறைக்குள் அவன் ஒன்றையும் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை, வெறும் கட்டில்தான். ஆனால் போனில் அக்கா பேச்சை நிறுத்திவிடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து, அவனிடம் அல்ல, அறையிடம் பேசுகிற குரலில், சாப்பிட்டாயா பாட்டி என்று கேட்கிறாள். அவனுடைய கை மட்டும் நடுங்குகிறது.

பேய் இருக்கிறதா என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் அக்காவைக் கடைசி வரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். நடுநிசி அவர்களே, நீங்கள் சொன்னதற்காகவே அதற்குப் பிறகு ஒரு விநாடிகூட நீட்டாமல் நிறுத்துகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிக் கதவைச் சோதனைக்கு எடுக்கப் போகிறோம். கீல் ஆறு வருடமாக எண்ணெய் பார்க்கவில்லை, திறந்தால் ஆடு கத்துவதுபோல் ஒரு சத்தம் வருகிறது. அதைப் போனின் மைக்கிலேயே விட்டுவிடலாமா, இல்லை தனியாக ஒரு ரெக்கார்டர் வாடகைக்கு எடுத்து, பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யலாமா அண்ணா? ஒரு நாள் வாடகைக்கு மட்டும்தான் பணம் ஒதுக்க முடியும்.

ஒலிமேசை எழுதியது:

கதவுக்குப் போனின் மைக்கே போதும் தம்பி, அந்தக் கரகரப்புதான் உங்கள் படம். வாடகை ரெக்கார்டரை அக்கா குரலுக்கு வையுங்கள். நடிக்கிறவரை வேறு அறையில் உட்கார வைத்து உண்மையான போன் கால் வழியாகவே பேசச் சொல்லுங்கள், அவர் பக்கத்திலும் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கீலுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் எண்ணெய் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.